போலோவில் பக்கெட் சீட்: ஹெல்மெட் கூரையில் இடிக்கிறது, பெல்ட்டும் சரியாக அமரவில்லை

வளைவுப்பித்தன்:
வணக்கம். என்னிடம் 2018ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் இருக்கிறது. அன்றாடம் அலுவலகம் செல்வதும், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ட்ராக் டே (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) நடக்கும்போது ஓட்டுவதும் இதே காரைத்தான். கம்பெனி சீட்டில் அமர்ந்தால், வலப்பக்க வளைவுகளில் இடது முழங்காலைக் கன்சோலில் முட்டுக்கொடுத்துத்தான் உடலை நிறுத்த வேண்டியிருக்கிறது. எனவே உடலை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும், சாயாத முதுகுள்ள ஃபைபர் பக்கெட் சீட் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதில் எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) தரும் 8855-1999 தர முத்திரையும் 2015 என்ற தயாரிப்பு ஆண்டும் உள்ளன.

ஒரு பட்டறையில் பழைய சீட்டின் தண்டவாளத்தை அறுத்து, அதன் மேல் ஆங்கிள் பட்டைகளை வெல்டிங் செய்து இதைப் பொருத்தினார்கள். இப்போது ஹெல்மெட் அணிந்தால் கூரை இடிக்கிறது. பழைய சீட்டிலேயே இருந்த பெல்ட் பக்கிளை ஆங்கிள் பட்டையில் முடுக்கியிருப்பதால், அது சீட்டின் பக்கச் சுவருக்குக் கீழே புதைந்துவிட்டது. இடுப்புப் பட்டையும் என் இடுப்பைத் தொடாமல் அந்தச் சுவரின் மேல் பாலம் போல நிற்கிறது. பின்சீட் பெல்ட்டுகளின் தரைப் புள்ளிகளில் நான்கு முனை ஹார்னஸ் (இரு தோளையும் இடுப்பையும் கட்டும் பந்தய பெல்ட்) போட்டுவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். காரில் ரோல் கேஜ் (கார் உருண்டால் கூரையைத் தாங்கும் இரும்புக் கூண்டு) இல்லை. என்னைவிட ஓரடி உயரம் குறைந்த என் மனைவியும் இதை ஓட்டுவார். பின்சீட்டில் குழந்தைகள் அமர்வார்கள். என்ன செய்யலாம்?

பட்டறைப்பொறியாளர்:
தம்பி, ஹெல்மெட் பிரச்சினை காத்திருக்கலாம், பெல்ட் காத்திருக்காது. அந்தப் பக்கிளைச் சரிசெய்யும் வரை காரைச் சாலையில்கூட ஓட்ட வேண்டாம். மோதலின்போது உங்கள் எடையின் பெரும்பகுதியைப் பக்கிள் தாங்கும் முனைதான் ஏற்கிறது. அது வெல்டிங் செய்த ஆங்கிள் பட்டையில் தொங்குகிறது என்றால், அந்த வெல்டிங்கின் தரம் தெரியாத நிலையில் உங்கள் உயிரை அதனிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள் என்றுதான் பொருள். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். பக்கச் சுவரின் மேல் நிற்கும் பட்டை, மோதலின்போது முதலில் அந்த இடைவெளியைத் தின்றுவிட்டுத்தான் உங்களைப் பிடிக்கும். அதற்குள் நீங்கள் ஸ்டீயரிங்கை நெருங்கியிருப்பீர்கள்.

ஹார்னஸ் யோசனையை உடனே கைவிடுங்கள். தோள்பட்டை வார்கள் தோளிலிருந்து பின்னோக்கிக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகச் செல்ல வேண்டும். கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் கீழிறங்கக் கூடாது என்பது எஃப்ஐஏ விதி. 10 பாகையைத் தாண்டாமல் இருப்பதே அதன் பரிந்துரை. ஹார்னஸ் சீட்டுக்குப் பின்னால் உடனே சரிந்து தரைப் புள்ளிக்கு இறங்கினால், மோதலின்போது வார் உங்களைப் பின்னுக்கு இழுப்பதற்குப் பதிலாகத் தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். மேலும், தொடைகளுக்கிடையே வரும் வார் இல்லாத நான்கு முனை ஹார்னஸில், தோள்வார்கள் இடுப்புப் பட்டையை மேலே இழுக்கும். உடல் அதன் அடியில் வழுக்கிச் செல்லும். இவற்றோடு, ரோல் கேஜ் இல்லாத காரில் நிமிர்த்திக் கட்டப்பட்ட உடல், கார் உருண்டு கூரை நசுங்கும்போது ஒதுங்க வழியின்றி நிற்கும். ட்ராக்கில் ஓடிய போலோ கப் பந்தயக் கார்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அவற்றின் சீட், ஹார்னஸ், கூண்டு ஆகிய மூன்றும் ஒரே அமைப்பு என்பதைப் பார்ப்பதில்லை.

கோவைத்தடம்:
பொறியாளர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் சாயாத சீட்டே தவறு என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். கம்பெனி மூன்று முனை பெல்ட்டோடு அதைச் சரியாகப் பொருத்திச் சாலையிலும் கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்திலும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பக்கச் சுவர் தாழ்வான சீட்டாக இருக்க வேண்டும், பக்கிள் அந்தச் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தலைக்கு இருபுறமும் காது போல நீளும் சீட்டுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சந்திப்புகளில் பக்கவாட்டில் வரும் பைக்கை அவை மறைத்துவிடும்.

உங்கள் சீட்டைப் பற்றி ஒரு செய்தி. 8855-1999 முத்திரைக்குத் தயாரிப்பு ஆண்டிலிருந்து 5 ஆண்டுகளே செல்லுபடி. பந்தயத்தில் அது 2020ஆம் ஆண்டிலேயே காலாவதி. ட்ராக் டேயில் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள் என்றாலும், துணியைக் கழற்றி, பக்கவாட்டுப் போல்ட் நுழையும் இடங்களைச் சுற்றி ஃபைபரில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வீட்டு மேசை நாற்காலியாகத்தான் பயன்படும்.

வளைவுப்பித்தன்:
இருவருக்கும் நன்றி. துணியைக் கழற்றிப் பார்த்தேன். இடப்பக்கப் பின் போல்ட்டுக்கு அருகே விரல்நீள விரிசல் ஒன்று தெரிகிறது. எனவே இந்தச் சீட் போய்விட்டது என்றே வைத்துக்கொள்கிறேன். புதிதாக வாங்கினால் எந்த வகை? ஆர்டிஓ தரப்பில் தொல்லை வருமா?

மூன்றாம்கியர்:
மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஆகவே எடை குறையும் என்று பின்சீட்டைக் கழற்றிவிடாதீர்கள். இருக்கை எண்ணிக்கை ஆர்சியில் எழுதப்பட்ட விவரம். முன்சீட்டை மாற்றினாலும், கம்பெனி சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் நிலையில், சாய்க்கக்கூடிய பக்கெட் சீட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். ரெக்காரோவின் ஸ்போர்ட்ஸ்டர் சிஎஸ் போன்றவை மூன்று முனை பெல்ட்டோடு சாலையில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. எடை கூடுதல்தான், ஆனால் மனைவி தன் உயரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், குழந்தைகளின் முகத்துக்கு நேராகக் கடினமான ஃபைபர் முதுகும் இருக்காது. ட்ராக்கில் உடல் ஆடாமல் இருக்கக் காசில்லாத உபாயம் ஒன்று உண்டு: சீட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி அமர்ந்து, பெல்ட்டை வெடுக்கென இழுத்துப் பூட்டச் செய்து, அது பூட்டியிருக்கும்போதே சீட்டை முன்னுக்கு நகர்த்துங்கள். இடுப்பு இறுகிவிடும்.

பட்டறைப்பொறியாளர்:
விரிசலைக் கண்டுபிடித்தது நல்லதாயிற்று. மூன்றாம்கியரின் தேர்வோடு உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு: சாயும் சீட்டுகள் பெரும்பாலும் உயரமாக அமரும். எனவே வாங்கும் முன், ஹெல்மெட்டோடு கம்பெனி சீட்டில் அமர்ந்து, தலைக்கு மேல் உள்ள இடைவெளியை அளந்து, புதிய சீட்டின் இருக்கைப் பகுதி அதைவிடத் தாழ்வாக வருமா என்று கடைக்காரரிடம் அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கணக்குக் கேளுங்கள். உங்கள் காருக்கென்றே விற்கப்படும், தரையின் பழைய நான்கு துளைகளில் அப்படியே அமரும் சட்டத்தை மட்டும் வாங்குங்கள். பக்கிளுக்கான இடம் அதிலேயே வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். எஃப்ஐஏ விதியின் குறைந்தபட்ச அளவு உங்களுக்கு ஓர் உரைகல்லாக இருக்கட்டும்: 8 மில்லிமீட்டர் போல்ட்டுகள் குறைந்தது நான்கு, இரும்புத் தகடு என்றால் 3 மில்லிமீட்டர் தடிமன், அலுமினியக் கலவை என்றால் 5. அறுத்த தண்டவாளத்தை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

பொருத்திய பின், முதுகு சாய்ந்தபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கிளட்ச்சை முழுதாக அழுத்தியபோதும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் நெஞ்சுக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது வேண்டும். இதே சோதனையை உங்கள் மனைவியும் செய்து பார்க்கட்டும். அவருக்கு ஒத்துவராத சீட் உங்கள் காருக்கும் ஒத்துவராது. முதல் ட்ராக் டேயில் சில லேப் ஓடி வந்ததும், டயர் காற்றைப் பார்ப்பதற்கு முன் டார்க் ரெஞ்சை (போல்ட்டின் இறுக்கத்தை அளக்கும் கருவி) எடுத்துச் சீட் போல்ட்டுகள் நான்கையும் ஒருமுறை சோதியுங்கள்.