ஞாயித்துக்கிழமை முதல் மேட்சு, தனியா ரெஃப்ரி. ஆஃப்சைடு எப்படிப் பாக்குறது?

வியாசர்பாடி_7:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்து வந்து மூணு மாசம் ஆவுது. ரெஃப்ரி கோர்ஸ் முடிச்சிட்டேன். வர ஞாயிறு காலைல முதல் மேட்சு, அண்டர் 14. ரெண்டு டீமையும் சேராத நியூட்ரல் லைன்ஸ்மேன் கிடையாதாம், ஒவ்வொரு டீம்லயும் ஒரு அப்பா கொடி புடிப்பாராம். நம்ம ஊர் முல்லை நகர்ல ஆடுனதெல்லாம் செவன்ஸ், டீமுக்கு ஏழு பேர், ஆஃப்சைடே கிடையாது. இப்ப நினைச்சாலே கை நடுங்குது. தப்பா ஊதிட்டா என்ன பண்றது? சீக்கிரம் சொல்லுங்க.

ராயபுரம் ராணி:
தம்பி, ஆஃப்சைடு அப்புறம். முதல்ல குளிரைப் பாரு. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும்தான் புதுசா வந்தவங்க ஓடிப்போறாங்க. ஜெர்சிக்குள்ள உடம்போட ஒட்டுற முழுக்கை பனியன் போடு. வாட்ச் ரெண்டு, விசில் ரெண்டு. பேனா வேணாம், பென்சில் எடுத்துக்கோ. நனைஞ்ச அட்டைல பால்பாயிண்ட் சறுக்கும், கோல் யார் அடிச்சான்னு எழுதவே முடியாது. மஞ்சள் கார்டு மேல் பாக்கெட்ல, சிவப்பு பின் பாக்கெட்ல. ஒண்ணா வச்சா பதட்டத்துல மாத்தி எடுத்துடுவ. கையுறை கண்டிப்பா வேணும்.

பெரம்பூர் லெஃப்ட் பேக்:
கையுறை போட்டா பென்சில் புடிக்க வராது அக்கா. விரல்ல மாட்டுற விசில் வாங்கு தம்பி, உள்ள குண்டு இல்லாததா. குண்டு விசில் மழைல நனைஞ்சா சத்தம் சரியா வராம போகலாம். அப்புறம் கோலி, அதான் கோல்கீப்பர், பந்தைப் புடிச்சு 6 செகண்டுக்கு மேல வச்சிருந்தா எதிர் டீமுக்கு இண்டைரக்ட் ஃப்ரீகிக் (நேரா கோல் அடிக்க முடியாத ஃப்ரீகிக்), மறந்துடாத.

கொடுங்கையூர் கோலி:
அது பழைய விதி. 2025 ஜூலைலேர்ந்து 8 செகண்ட், தாண்டுனா எதிர் டீமுக்கு கார்னர். கடைசி 5 செகண்டை கையைத் தூக்கி விரல் விட்டுக் காட்டணும். விதிப்புத்தகம் வருஷா வருஷம் மாறும். 17 விதியும் ஐஎஃப்ஏபி (ஃபுட்பால் விதி எழுதுற அமைப்பு) ஆப்ல இலவசமா இருக்கு, கோர்ஸ் நோட்டை மட்டும் நம்பாத.

பெரம்பூர் லெஃப்ட் பேக்:
சரிதான், என் தப்பு. ஆனா விதி தெரிஞ்சு என்ன, கோட்டுக்கு வெளிய நிக்கிற அப்பா அம்மா கத்துறதுதான் தாங்காது. 14 வயசு புள்ளைங்க மேட்சுல உலகக்கோப்பை மாதிரி சண்டை.

ராயபுரம் ராணி:
அதுலயும் நம்ம உச்சரிப்பைக் கேட்டாலே ரெண்டு பேர் சிரிப்பாங்க. அதைக் கேக்க யாரும் இல்ல.

தண்டையார்பேட்டை டேவிட்:
பொலம்பல் போதும். இங்க வழி இருக்கு. கோச் மேல மஞ்சள், சிவப்பு காட்ட உனக்கு அதிகாரம் இருக்கு. பெத்தவங்க கத்துனா நீ நேரா போய் மோதாத, ஆட்டத்தை நிறுத்தி அவங்க கோச்சை அனுப்பி அடக்கச் சொல்லு. அசிங்கமாப் பேசுனா என்ன வார்த்தைன்னு அப்படியே எழுதி கவுண்ட்டி எஃப்ஏவுக்கு (உள்ளூர் ஃபுட்பால் சங்கம்) ரிப்போர்ட் போடு.

இப்ப எனக்கு ஒரு கேள்வி. தம்பி, நீ என்ன விசால இருக்க?

வியாசர்பாடி_7:
ஸ்டூடண்ட் விசா அண்ணா. எம்எஸ்சி. மேட்சுக்கு ஃபீஸ் கைல குடுப்பாங்கன்னாங்க, அதான் வாடகைக்கு ஆவும்னு.

தண்டையார்பேட்டை டேவிட்:
இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். மேட்ச் ஃபீஸ் பொதுவா சுயதொழில் வருமானக் கணக்குல வரும். ஸ்டூடண்ட் விசால சுயதொழில் கூடாது, வேலைக்கு உள்ள வாரம் 20 மணி நேர வரம்புக்குள்ளன்னாலும் கூடாது. யுனிவர்சிட்டில இண்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆஃபீஸுக்கு இன்னைக்கே மெயில் போடு. ஃபீஸோட ரெஃப்ரியா நிக்கலாமா, ஃபீஸ் இல்லாம நிக்கலாமா, ரெண்டையும் தனித்தனியா கேளு. பதில் எழுத்துல வர வரைக்கும் ஒரு பவுண்டு கூட வாங்காத. உன்னை மேட்சுக்குப் போட்டவருக்கும் இப்பவே சொல்லிடு, அவர் வேற ஆள் தேட நேரம் வேணும்.

கொடுங்கையூர் கோலி:
சரி, யாரும் பதில் சொல்லாத ஆஃப்சைடுக்கு வரேன். கூட ஆடுறவன் பாஸ் குடுக்கும்போது பந்தை முதல்ல தொடுற நொடி மட்டும் கணக்கு. அப்ப அட்டாக்கர் எதிரி பாதில, பந்துக்கும் முன்னால, கடைசிக்கு முந்தின எதிராளிக்கும் முன்னால இருந்தா ஆஃப்சைடு பொசிஷன். சமமா நின்னா இல்ல. கை கணக்கு இல்ல. கோலியும் அந்தக் கடைசி ரெண்டு எதிராளில ஒருத்தரா எண்ணப்படுவார், அவர் ஏறி வந்துட்டா பின்னால ரெண்டு டிஃபெண்டர் இருக்காங்களான்னு பாரு. த்ரோ, கோல்கிக், கார்னர்லேர்ந்து நேரா வந்தா ஆஃப்சைடு கிடையாது.

பொசிஷன்ல நிக்கிறது குத்தமில்ல, ஆட்டத்துல தலையிட்டாதான் ஊதணும். அதனால விசிலை வாய்ல வச்சுட்டு ஓடாத, கைலயே இருக்கட்டும். அந்த ஒரு நொடி தாமதம் பாதி தப்பைத் தடுக்கும். பந்துக்குப் பின்னாலயே ஓடுனா கோடு தெரியாது, கொஞ்சம் அகலமா நின்னு டிஃபென்ஸை பக்கவாட்டுல பாரு. ஊதுனா இண்டைரக்ட் ஃப்ரீகிக், கையைத் தலைக்கு மேல தூக்கு. வேற ஆள் பந்தைத் தொடுற வரைக்கும் கையை இறக்காத.

தப்பா ஊதிட்டியா? ஆட்டம் திரும்பத் தொடங்கறதுக்குள்ள மாத்தலாம், தொடங்கிட்டா முடியாது. மாத்துனா டிராப் பால், அதாவது நீயே பந்தைக் கீழ போட்டுத் தொடங்கணும், மத்தவங்க 4 மீட்டர் தள்ளி நிக்கணும்.

மேட்சுக்கு 20 நிமிஷம் முன்ன ரெண்டு அப்பாவையும் ஒண்ணா நிக்க வச்சுப் பேசு. பந்து முழுசா கோட்டைத் தாண்டுனாதான் கொடி. ஆஃப்சைடுக்கும் கொடி வேணுமா வேணாமான்னு சொல்லிடு, ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு. அண்டர் 14க்கு 4ஆம் நம்பர் பந்து, பாதிக்கு 35 நிமிஷம். லீக் விதியையும் ஒரு தடவை பாத்துக்கோ.

வியாசர்பாடி_7:
மெயில் போட்டுட்டேன் டேவிட் அண்ணா, மேட்சு போட்டவருக்கும் சொல்லிட்டேன். வெள்ளி மதியம் வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. பென்சிலும் வாங்கிட்டேன் அக்கா.