போல்டரிங் புதியவர்கள் எதை முதலில் படிக்கலாம்? என் விரல் கற்றுத்தந்த பாடம்

கயிறு இல்லாமல் தாழ்வான பாறைகளிலும் செயற்கைச் சுவர்களிலும் ஏறும் போல்டரிங்கைப் பழகத் தொடங்கிய இரண்டாவது மாதத்திலேயே, ஒழுங்காக ஏறத் தெரிவதற்கு முன்பாகப் பயிற்சி நூல்களைத் தேடிப் போனவன் நான். எரிக் ஹோர்ஸ்ட் எழுதிய 'ட்ரெயினிங் ஃபார் கிளைம்பிங்' நல்ல நூல்தான். ஆனால், புதியவர்கள் முதலில் நுட்பத்தைப் பழக வேண்டும் என்று அதில் சொல்லியிருந்ததைப் புரட்டித் தள்ளிவிட்டு, விரல் வலிமை பற்றிய பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, விரல்களால் தொங்கிப் பழகுவதற்கான ஃபிங்கர்போர்டு என்ற பலகை ஒன்றை வாசற்காலுக்கு மேல் பொருத்தித் தொங்க ஆரம்பித்தேன். மூன்றாம் வாரம் மோதிர விரலின் அடியில் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டது. அன்று மாலை தண்ணீர்ச் சொம்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தசை விரைவில் வலுப்பெற்றுவிடும் என்றும், தசைநாணும் அதை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் பட்டைகளும் அதைவிட மிக மெதுவாகத்தான் வலுப்பெறும் என்றும் மருத்துவர் விளக்கிய பிறகே என் அவசரம் எனக்கு உறைத்தது.

ஓய்வில் இருந்த அந்த இரண்டு மாதங்களில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவ் மெக்லியோட் 2010இல் வெளியிட்ட 'நைன் அவுட் ஆஃப் டென் கிளைம்பர்ஸ் மேக் த சேம் மிஸ்டேக்ஸ்' நூலைப் படித்தேன். பயிற்சி அட்டவணையை எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயமும் பழகிப்போன பழக்கங்களும் நம்மை எப்படித் தடுக்கின்றன என்பதையே அவர் விரிவாகப் பேசுகிறார். நான் ஹோல்டுகளை (கைப்பிடிகளை) இறுக்கிப் பிடித்ததெல்லாம் கால்களை நம்பாததால்தான் என்பது அப்போதுதான் விளங்கியது.

பிறகு ஹம்பிக்குப் போனபோது, ரிஷிமுக் மேட்டில் சரிவான ஒரு கிரானைட் பாறையில் மூன்று முறை வழுக்கினேன். நான்காம் முறை குதிகாலைத் தாழ்த்தி, ஷூவின் முனையை அரிசி அளவேயான ஒரு துருத்தலில் அழுத்தி, உள்ளங்கையைப் பாறைமேல் வெறுமனே வைத்தபடி எழுந்து நின்றேன். விரலுக்கு அங்கே வேலையே இல்லை.

இவற்றோடு ஜான் கில் 1969இல் அமெரிக்கன் ஆல்பைன் ஜர்னலில் எழுதிய போல்டரிங் கட்டுரையையும் படியுங்கள். கணிதப் பேராசிரியரும் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவருமான அவர்தான் 1950களில் கை வியர்வையை உறிஞ்சும் சாக் பவுடரைப் பாறைக்குக் கொண்டுவந்தவர்.

—

மேலே எழுதியவருக்கு நன்றி. என் பட்டியலில் ஜான் ஷெர்மனின் 'பெட்டர் போல்டரிங்' முதலில் வரும். அவருடைய 'வெர்மின்' என்ற பட்டப்பெயரின் முதல் எழுத்துதான் ஏற்றத்தின் கடினத்தைக் குறிக்க நாம் தினமும் சொல்லும் 'வி' கிரேடு. ஜிம்மில் பின்பக்கமாக விழுந்தபோது கையை ஊன்றி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்ட பிறகுதான் நான் அந்நூலைத் திறந்தேன். முழங்காலை மடக்கி இறங்கி, கைகளை மார்போடு சேர்த்து முதுகில் உருள்வதை, அடுத்த ஒரு வாரம் முழுக்க, சுவரில் மூன்றடிக்கு மேல் ஏறாமலே கிராஷ் பேட்டில் (விழும்போது தாங்கும் தடித்த மெத்தையில்) பழகினேன்.