ஒரே இனமாக இருந்தால் நாடு நிம்மதியாக இருக்குமா?

கடலோடி: ஜப்பானைப் பாருங்கள், தென்கொரியாவைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே இனம், ஒரே மொழி. நாடு அமைதியாக ஓடுகிறது. பல இனம் சேர்ந்த யூகோஸ்லாவியா 1991-இல் உடையத் தொடங்கியது. பன்முகக் கலாசாரம் அடியோடு தோற்றுவிட்டது என்று 2010-இல் ஜெர்மனியின் அப்போதைய அரசுத் தலைவர் மெர்க்கலே சொன்னார். நான் வெறுப்புப் பேசவில்லை, கணக்குப் பேசுகிறேன்.

வெண்கொக்கு: கணக்கில் சோமாலியாவை விட்டுவிட்டீர்களே! பெரும்பாலும் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மதம். 1991-இல் அரசே கவிழ்ந்தது. குலத்துக்கும் குலத்துக்கும் சண்டை. ருவாண்டாவில் ஹுட்டு, டுட்சி இருவரும் பேசுவது ஒரே கிண்யருவாண்டா மொழிதான். யார் ஹுட்டு, யார் டுட்சி என்று 1930-களில் பெல்ஜியம்காரர்கள் அடையாள அட்டையில் எழுதிவைத்தார்கள். 1994 இனப்படுகொலையில் ஹுட்டு தீவிரவாதிகள் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையை வாங்கிப் பார்த்துத்தான் டுட்சிகளைக் கொன்றார்கள். கொரியாவும் அப்படித்தான், 1950 முதல் மூன்று வருடம் வெட்டிக்கொண்டது ஒரே இனம். அப்புறம், ஐனு மக்களைப் பூர்வகுடி என்று ஏற்க ஜப்பான் நாடாளுமன்றத்துக்கு 2008 வரை ஆனது. எண்ணாமல் விட்டால் எல்லா நாடும் ஒரே இனம்தான்.

கடலோடி: சரி, சோமாலியாவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ராபர்ட் புட்னம் 2007-இல் எழுதியதற்கு என்ன பதில்? அமெரிக்காவில் பல இனம் கலந்த பகுதிகளில் மக்கள் அடுத்த இனத்தாரை மட்டுமல்ல, சொந்த இனத்தாரையும் குறைவாகவே நம்புகிறார்கள்.

வெண்கொக்கு: கொஞ்ச காலத்துக்குத்தான் அப்படி, நாளடைவில் மாறும் என்று அதே கட்டுரையில் அவரே சொல்கிறார். பாதியைக் கிழித்துக்கொண்டு வராதீர்கள் நண்பரே. சுவிஸ் பிராங்க் நோட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வங்கியின் பெயர் 4 மொழிகளில் இருக்கும். அதில் ரோமான்ஷ் என்பது நூற்றில் ஒருவர்கூடப் பேசாத மொழி.

கடலோடி: நோட்டில் இடம் கொடுத்தவர்கள் குடியுரிமையில் எப்படி என்று பாருங்கள். பொதுவாக 10 வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதோடு மாநிலமும் ஊராட்சியும் சம்மதிக்க வேண்டும். கதவைப் பாதி சாத்திவைத்துதான் உள்ளே சமரசம்.

தென்கரை: நான் சிங்கப்பூர். இங்கே 1964-இல் இனக் கலவரம் நடந்தது. 1989 முதல் அரசு அடுக்குமாடி வீடுகளில் புளோக் (கட்டடம்) வாரியாக இன ஒதுக்கீடு, அதாவது ஓர் இனத்தார் குறிப்பிட்ட பங்குக்கு மேல் போகக்கூடாது. நீங்கள் இருவரும் ஏதோ இது தானாக நடக்கும், நடக்காது என்பதுபோல் பேசுகிறீர்கள். இங்கே ஒரே மின்தூக்கியில் எல்லா இனமும் ஏறுவது சட்டம் போட்டதால். அதற்கு விலையும் உண்டு. புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டால் இந்தியர் ஒருவர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வரும் கூட்டம் சுருங்கும், விலை இறங்கும்.

கடலோடி: ஆக, ஒற்றுமைக்கான செலவைச் சிறுபான்மையினர் தலையில் கட்டியிருக்கிறார்கள். இதைத்தான் மாதிரி என்கிறீர்களா?

தென்கரை: மாதிரி என்று நான் சொல்லவே இல்லையே. விற்க முடியாமல் தவிப்பவர்களில் சிலருடைய வீட்டை 2022 முதல் அரசின் வீட்டு வசதி வளர்ச்சிக் கழகமே (வீவக) வாங்கிக்கொள்கிறது. பாதி மருந்துதான். ஆனாலும் ஒதுக்கீட்டை எடுத்துவிட்டுத் தனித்தனிப் பேட்டைகளுக்குத் திரும்பலாமா என்று கேட்டால், நான் மாட்டேன்.

வெண்கொக்கு: வீட்டுக்காரருக்கு ஏற்படும் நஷ்டம் முழுவதையும் அரசு தர வேண்டும் என்று கேளுங்கள். கடலோடியும் சேர்ந்து கையெழுத்துப் போடுவார்.

கடலோடி: அதற்கு மட்டும் போடுவேன்.