மட்டாஞ்சேரி ஜூ டவுன் (யூதர் தெரு): வெள்ளி, சனியில் பார்க்க முடியுமா?

தென்றல்72: வெள்ளி மதியம் கொச்சி வந்து சனி மாலை ரயில் ஏறுகிறோம். நாலு பேர், அம்மாவுக்கு 70 வயது. யூதப் பள்ளி (சினகாக், வழிபாட்டுத் தலம்), அரண்மனை, மசாலாக் கடைகள் பார்க்க வேண்டும். அங்கே யூதர் சமையல் கிடைக்குமா?

மிளகுக்கொடி: முதலில் பயண நாளை மாற்றுங்கள். பரதேசி சினகாக் வெள்ளி மதியத்துக்கு மேல் கிடையாது. சனி சபாத், அதாவது யூதர்களின் ஓய்வுநாள், முழுநாளும் பூட்டு. பக்கத்து டச்சு அரண்மனைக்கோ வெள்ளி விடுமுறை. இப்போதைய திட்டப்படி அரண்மனை மட்டும்தான் மிஞ்சும், அதுவும் சனிக்கிழமை. திங்கள் முதல் வியாழனுக்குள் வாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் யூதப் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை 10 மணிக்கே சினகாக் வாசலில் நில்லுங்கள், மதியம் இடைவேளை விடுவார்கள். செருப்பைக் கழற்ற வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை கூடாது.

1568இல் கட்டியது. எல்லோரும் பெல்ஜியம் விளக்குகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குனிந்து தரையைப் பாருங்கள்: சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். கையால் வரைந்தவை என்பதால் அதே வில்லோ மரம்கூட ஓட்டுக்கு ஓடு தூரிகைக் கோட்டில் மாறும். பிறகு மாடத்தைப் பாருங்கள். நடுவில் உள்ள, வேதம் வாசிக்கும் மேடை போக மேலேயும் ஒன்று உண்டு. இது கொச்சி யூதர்களுக்கே உரிய அமைப்பு. வெளிச்சுவரில் 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு பதித்திருக்கும், கொச்சங்காடியில் இருந்த பழைய பள்ளியினுடையது. மணிக்கூண்டில் ஒரு முகத்தில் ஹீப்ரு எழுத்து, இன்னொன்றில் ரோம எண்.

அரண்மனையில் ராமாயணச் சுவரோவியங்களை அவசியம் பாருங்கள். மாடிப்படி ஏற வேண்டும், அம்மாவை மெதுவாக அழைத்துப் போங்கள்.

ஏலத்தோட்டம்: மசாலாவுக்கு என் பங்கு. சினகாக் சந்துக்குள் சுற்றுலாப் பயணிக்கென்று கட்டி வைத்த பொட்டலங்களை விட்டுவிட்டு, மூட்டையைத் திறந்து எடை போடும் கடைக்குப் போங்கள்.

கிராம்பின் தலைக்குக் கீழே நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். எண்ணெய் எடுத்த சக்கையைக் கலந்து விற்பதுண்டு; தண்ணீரில் போட்டால் அது படுத்து மிதக்கும், நல்லது மூழ்கும் அல்லது செங்குத்தாக நிற்கும். பட்டையில், தடித்து ஒரே சுருளாக இருப்பது காசியா, அது வேறு மரத்தின் பட்டை. மெல்லிய தோல்கள் பல அடுக்காகச் சுருண்டு, விரலில் நொறுங்குவதுதான் நிஜ லவங்கப்பட்டை. இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்டால் வாங்காதீர்கள். பொடியாக எதுவுமே வேண்டாம், கலப்படத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

சுட்டுள்ளி: சமையலைப் பற்றி: கொச்சி யூதர்கள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேல் போய்விட்டார்கள். அந்தத் தெருவில் இறாலும் நண்டும் பரிமாறும் உணவகம் யூதச் சமையல் ஆகாது. செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டுமே அவர்களுக்கு ஆகும். கறியோடு பால், தயிர் சேராது. அதனால்தான் அவர்கள் இறைச்சிக் குழம்பில் தேங்காய்ப்பால் இவ்வளவு தாராளம்.

மெனுவில் 'சுட்டுள்ளி மீன்' கண்டால் கேளுங்கள். சின்ன வெங்காயத்தைச் சுட்டு அரைத்து மீனில் பூசிச் செய்வது. 'பாஸ்டல்' என்பது கொத்துக்கறி வைத்து அரைவட்டமாக மடித்துப் பொரித்தது.

தென்றல்72: நன்றி, செவ்வாய்க்கு மாற்றிவிட்டேன். எர்ணாகுளத்தில் வேறு பள்ளி உண்டா?

மிளகுக்கொடி: உண்டு, மார்க்கெட் ரோட்டில் கடவும்பாகம் பள்ளி. முன்பக்கம் செடியும் மீன்தொட்டியும் விற்கும் கடை. அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தெரியாதவர்கள் செடிக்கடை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.