அலாய் வீலில் வெள்ளை அரிப்பு: மறுபூச்சுக்கு முன் எதுவரை தேய்க்க வேண்டும்?

கேள்வி

தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டிய சாலையில் நாள்தோறும் ஓடும் எங்கள் காருக்கு எட்டு வயதாகிறது. அதன் அலாய் வீல்களின் (அலுமினியக் கலப்புலோகச் சக்கரங்களின்) முகப்பு, கடைசல் இயந்திரத்தில் பளபளப்பாக்கப்பட்டு மேலே கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) பூசப்பட்டது. அந்தப் பூச்சுக்கு அடியில், மண்புழு ஊர்ந்த தடம்போல வெண்ணிறக் கோடுகள் இரண்டு ஆண்டுகளாகப் பரவி வருகின்றன. நகத்தால் நெருடினால் பூச்சு செதிலாகப் பெயர்ந்து, அடியில் வெள்ளைப் பொடி தெரிகிறது. சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் இரண்டு வீல்களுக்குச் சில்வர் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். நான்கே மாதங்களில் அதே இடங்களில் கொப்புளம் எழும்பிவிட்டது. இம்முறை வீட்டிலேயே நிதானமாகச் செய்ய விரும்புகிறேன். எதுவரை தேய்க்க வேண்டும், எந்த பிரைமர் (அடிப்பூச்சு) பொருந்தும், பழைய பளபளப்பு திரும்புமா என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1

ஐயா, கல் தெறித்த சிறு வடு வழியாகவோ கடைசலின் கூரிய விளிம்பு வழியாகவோ உப்பு ஈரம் உள்ளே போனால், அரிப்பு பூச்சுக்கு அடியிலேயே நூல்நூலாக முன்னேறும். கோட்டின் நுனியில்தான் அது உயிரோடு இருக்கிறது. பின்னால் கிடக்கும் வெள்ளைப் பொடி அது கடந்துபோன தடம் மட்டுமே. பொடியை மட்டும் தேய்த்து நுனியை விட்டுவிட்டால் புதிய பெயிண்டுக்கு அடியிலும் அது நடையைத் தொடரும். உங்கள் பட்டறையில் நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே டயரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் நீங்கத் துடைத்த பிறகே உப்புத்தாளைத் தொடுங்கள். கண்ணுக்குத் தெரியும் கோட்டின் முடிவிலிருந்து ஒரு விரற்கடையாவது கூடுதலாகத் தேய்த்து, வெறும் உலோகம் வரை செல்லுங்கள். குழிகளுக்கு 80 எண் தாள், பிறகு 180, முடிவில் 320 என்று போகலாம். குழிக்குள் கரும்புள்ளி ஒன்று மிஞ்சினாலும் அதைத் தோண்டி எடுத்துவிடுங்கள். சாதாரண இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம், ஏனெனில் அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கி வைக்கும். காஸ்டிக் சோடா கரைசல் உலோகத்தையே தின்றுவிடும்.

காற்றுப் பட்டதும் அலுமினியம் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்வதால், தேய்த்த அன்றே பிரைமர் ஏற வேண்டும். எட்ச் பிரைமர் அல்லது எபாக்சி பிரைமர், இரண்டில் ஒன்று போதும். பட்டி (குழியை நிரப்பும் பசை) வைக்க வேண்டிய குழிகள் இருந்தால் எபாக்சியே நல்லது. அமிலத்தன்மையுள்ள எட்ச் பிரைமரின் மேல் பாலியஸ்டர் பட்டி சரியாகப் பிடிப்பதில்லை.

பளபளப்பைத் திரும்பப் பெற மீண்டும் கடைய வேண்டும். ஒவ்வொரு கடைசலிலும் உலோகம் குறைவதால் அதைச் சில முறைக்கு மேல் செய்ய இயலாது. உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு, முகப்பு முழுவதையும் சில்வரில் மூடிவிடுவதே என் பரிந்துரை.

பதில் 2

நான் டயர் கடை நடத்துபவன். பாதுகாப்பு சார்ந்த இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். நட் உட்காரும் கூம்புக் குழிகளையும், ஹப்பில் (வீல் மாட்டப்படும் மையப் பகுதியில்) ஒட்டி அமரும் பின்பக்கத்தையும் மாஸ்கிங் டேப் கொண்டு மறைத்துவிடுங்கள். அங்கே பெயிண்ட் படிந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி நட்டின் இறுக்கம் தளரும். வீலை மாட்டும்போது கையேட்டில் உள்ள டார்க் (முறுக்குவிசை) அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மீண்டும் சரிபாருங்கள். தேய்க்கும்போது விரிசல் தென்பட்டால் அதைப் பட்டியால் மூடாதீர்கள், அந்த வீலையே மாற்றிவிடுங்கள். டயரின் ஓரம் அமரும் இடத்திலும் வெள்ளை அரிப்பு இருக்கும், அதைச் சுத்தம் செய்யாவிட்டால் காற்று மெல்லக் கசியும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு வீலைத் தேய்த்துப் பார்த்தேன். கோடு முடிந்ததாக நான் நினைத்த இடத்திற்கு அப்பாலும் பூச்சு எளிதாகப் பெயர்ந்து வந்தது. கார்த்திகை மழை தொடங்கிவிட்டதே, இப்போது பெயிண்ட் அடிக்கலாமா?

பதில் 1

வேண்டாம் ஐயா. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது அடித்தால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் பூச்சின் மேல் நீர் படிந்து பால்போல வெளுத்துவிடும். தேய்த்த வீலுக்கு மட்டும், மழை வெறித்த ஒரு நாளின் நண்பகலில் எபாக்சி பிரைமர் அடித்து வையுங்கள். வெறும் உலோகமாக விடாதீர்கள். மற்ற மூன்றையும் தை பிறந்த பிறகு தொடங்கலாம். அப்போது இந்த பிரைமரையும் 400 தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு நிறம் ஏற்றுங்கள். இரட்டைக் கலவை (கடினமாக்கி கலந்து அடிக்கும்) கிளியர் கோட் அடிப்பதானால், அந்தக் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளின் ஆவி நுரையீரலைப் பாதிக்கும் என்பதால், சாதாரணத் துணி முகக்கவசத்தை நம்பாமல் தூய காற்றைக் குழாய்வழி தரும் முகக்கவசம் அணிந்து திறந்த வெளியில் செய்யுங்கள்.