டெக்னோ டிஜேக்கள் கூட்டத்தை எப்படிக் கையாள்கிறார்கள்: நான் பார்த்த சில இரவுகள்

டெக்னோ என்ற மின்னணு ஆட்ட இசையை வாசிக்கும் டிஜே, கூட்டம் எதிர்பார்ப்பதைப் போடுவதா, தனக்குப் பிடித்ததைப் போடுவதா? டிஜேக்குக் கிடைக்கும் நேரம்தான் இதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். இசைவிழா மேடையில் ஒன்றரை மணி நேரம் மட்டும் கிடைத்தால் யாரும் துணிய மாட்டார்கள். நான்கைந்து மணி நேரம் கிடைத்தால் கூட்டத்தை வேறு பக்கம் அழைத்துப் போய்த் திரும்பவும் கூட்டி வரலாம்.

பெர்லினில் ட்ரெஸார் என்ற டெக்னோ கிளப் 1991-இல் ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் பாதாளப் பெட்டக அறையில் தொடங்கியது. 2007 முதல் பழைய மின் நிலையக் கட்டடம் ஒன்றில் நடக்கிறது. அங்கே கீழ்த்தளத்துக்கு வருகிறவர்கள் முரட்டு டெக்னோவுக்காகவே வருவார்கள். ஒரு இரவு அங்கே வாசித்த டிஜே, எலக்ட்ரோ என்ற வேறொரு மின்னணு இசை வகையின் பக்கம் திரும்பினார். சட்டென்று மாற்றவில்லை. கிக் எனப்படும் சீரான டிரம் அடியின் மேல் எலக்ட்ரோவின் உடைந்த தாளத்தைச் சேர்த்து, இரண்டையும் சேர்ந்தே நெடுநேரம் ஓடவிட்டார். அப்புறம் கிக்கின் பேஸை (தாழ்ந்த ஒலியை) மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கிக் முழுதாகப் போனபோது கால்கள் புதுத் தாளத்துக்குப் பழகியிருந்தன. வேகத்தை அவர் தொடவே இல்லை. சிலர் பார் பக்கம் நகர்ந்தார்கள், அவர் பதறவில்லை. சில ட்ராக் கழித்துக் கிக் திரும்ப வந்தபோது எழுந்த கூச்சலை அந்த இரவில் வேறெந்த ட்ராக்கும் எழுப்பவில்லை. ஒன்றை மாற்றும்போது இன்னொன்றை அசையாமல் வைத்திருக்கும் அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்தது.

சின்ன கிளப்களில் வாசிக்கும் நண்பர் ஒருவர், முன்வரிசையைப் பார்க்கவே மாட்டேன் என்பார். அவர்கள் எப்படியும் ஆடுவார்கள். பின்னால் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்கினால்தான் அவருக்குக் கவலை.

அமெரிக்காவில், டெக்னோ பிறந்த டெட்ராய்ட்டில் நிலைமையே வேறு. மே மாதக் கடைசியில் ஹார்ட் பிளாசாவில் நடக்கும் மூவ்மென்ட் விழாவில், உள்ளூர் டிஜேக்கள் டெக்னோவுக்கு நடுவே ஃபங்க், சிகாகோ ஹவுஸ் என்று வேறு ஆட்ட இசை வகைகளையெல்லாம் போட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த ஊரின் காது அப்படி வளர்ந்தது. எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற வானொலி அறிவிப்பாளர் ஜெர்மானிய மின்னணு இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கையும் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸையும் ஒரே நிகழ்ச்சியில் ஒலிபரப்பியவர். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் டெக்னோவைத் தொடங்கிய ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். பிறகு வந்த ஜெஃப் மில்ஸ் 1995-இல் டோக்கியோவின் லிக்விட் ரூம் கிளப்பில் இடைவிடாமல் வாசித்த செட்டைக் கேளுங்கள். பல ட்ராக்குகள் ஓரிரு நிமிடம்கூடத் தங்காது. ட்ராக்கை அப்படி வேகமாக மாற்றுவதைத்தான் கூட்டம் அவரிடம் எதிர்பார்க்கும்.

வருத்தப்பட்ட இரவும் உண்டு. ஒரு கிளப்பில் கூடம் பாதிகூட நிறையாதபோதே முதல் டிஜே 150 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 150 அடி) அடித்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்தவர் 135-க்கு இறக்கியதும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அரை மணி நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்தார், பிறகு அவரும் வேகத்தைக் கூட்டினார். வார்ம்-அப், அதாவது கூடம் நிறையும் முன் தொடக்கத்தில் வாசிப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை. அதற்குரிய மதிப்பு கிடைப்பதில்லை.

பெர்லினின் இன்னொரு கிளப்பான பெர்க்ஹைனில் ஞாயிறு இரவு தொடங்கும் கடைசி செட் திங்கள் காலை வரை நீளும். அதுவரை நிற்பவர்கள் அந்த டிஜேக்காகவே நிற்பவர்கள். அப்படி ஒரு முறை, குரல் உள்ள மெதுவான ஹவுஸ் ட்ராக் ஒன்றை முழுதாக ஓடவிட்டார்கள், ஒருவர்கூட நகரவில்லை. அதையே சனி நள்ளிரவில் போட்டிருந்தால் பாதிப் பேர் அதே கிளப்பின் மாடியிலுள்ள இன்னொரு ஆட்டக் கூடமான பனோரமா பாருக்குப் போயிருப்பார்கள்.