மேல் பெர்த்தில் ஏற முடியாத பாட்டி: ராத்திரி ரயிலில் நீங்கள் பார்த்தது என்ன? (புனைபெயர்களில் வந்த பதில்கள்)

கார்டு லைன்:
சென்னையிலிருந்து மதுரை போகும் ராத்திரி வண்டி, ஸ்லீப்பர். தாத்தா, பாட்டி, ரெண்டு பேரன்கள். நாலு பேருக்கும் ஒரே பி.என்.ஆர்., அதாவது ஒரே டிக்கெட். வந்த நம்பர் 18, 19, 21, 22. பார்த்ததும் உங்களுக்கே தெரியும், ரெண்டு மிடில், ரெண்டு அப்பர். 17இல் காலில் மாவுக்கட்டோடு ஒருவர், 20இல் நிறைமாதக் கர்ப்பிணி. யாரைப் போய் மாற்றிக் கேட்பது?

பாட்டி ஏணியில் ஒரு காலை வைத்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் அப்படியே நின்றார். அப்புறம் காலை எடுத்துவிட்டார். "நான் கீழயே படுத்துக்கறேன்டா, நீ ஏறு" என்று ரெண்டு பெர்த்துக்கும் நடுவில் ஜமக்காளத்தை விரித்தார்.

டி.டி.இ. (டிக்கெட் பரிசோதகர்) பெரிய பேரனிடம் சொன்னது: "பெரியவங்க ரெண்டு பேருக்கும் தனியா எடுத்திருக்கணும் தம்பி." அவனுக்கு அது புரியவே இல்லை. விஷயம் இதுதான். ஆண் என்றால் 60, பெண் என்றால் 45 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு ஸ்லீப்பரில் பெட்டிக்கு ஆறேழு லோயர், தேர்ட் ஏ.சி.யில் நாலைந்து, செகண்ட் ஏ.சி.யில் மூணு நாலு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த டிக்கெட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்கலாம். கூட ஒரு பேரனைச் சேர்த்தாலும் அந்தக் கோட்டா கிடையாது. புக் செய்யும்போது கோட்டா என்ற இடத்தில் 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்று மாற்ற வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தியது கட்டணச் சலுகையை. கோட்டாவை அல்ல. பாதிப்பேர் ரெண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆடுதுறை:
தனித்தனி டிக்கெட் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பெரியவர்கள் எஸ்2, பேரன்கள் எஸ்9 என்று வேறு வேறு பெட்டியில் விழுந்தால் ராத்திரி மாத்திரை யார் கொடுப்பது? பொதுக் கோட்டாவிலேயே ஒரு வழி இருக்கிறது. பெயர் எல்லாம் போட்ட பிறகு கீழே 'குறைந்தது ஒரு லோயர் கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்று ஒரு விருப்பம் வரும், ரெண்டு லோயருக்கும் உண்டு. அதைத் தொட்டுவிட்டால், லோயர் இல்லையென்றால் டிக்கெட்டே விழாது. 'லோயர்' என்று பிரிஃபரன்ஸ் கொடுப்பது வேறு. அது வேண்டுகோள்தான், நிபந்தனை இல்லை.

பைபாஸ் ரோடு:
இவ்வளவு கூத்து எதற்கு, காரில் போய்விடலாம். ஏழெட்டு மணி நேரம்.

ஆடுதுறை:
பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெருங்களத்தூரைத் தாண்டிவிட்டு வந்து இதைச் சொல்லுங்கள். எழுபத்துநாலு வயசுக்காரருக்கு மணிக்கொரு தடவை பாத்ரூம் வேண்டும். ரயிலில் பத்தடி நடந்தால் போதும், பைபாஸில் அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டும். விமானம் என்றால் வீல்சேர் கிடைக்கும், உண்மைதான். ஆனால் மதுரையில் இறங்கி உசிலம்பட்டி போக மறுபடி டாக்சி. முறுக்குத் தூக்கையும் அரிசி மூட்டையையும் என்ன செய்வது? ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏ.சி.யிலும் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம்.

தாம்பரத்தான்:
நான் பார்த்தது வேறு. எழும்பூரிலிருந்து டிக்கெட், ஆனால் அந்த அம்மா மகளோடு ஏறியது செங்கல்பட்டில். லோயரில் இன்னொருவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். "இது எங்க சீட்டுங்க" என்று அம்மா டிக்கெட்டை நீட்ட, அவரும் எழுந்து தன் டிக்கெட்டைக் காட்டுகிறார், ஆர்.ஏ.சி.யிலிருந்து (பாதி பெர்த், உட்கார மட்டும் இடம்) கன்ஃபர்ம் ஆனது. ரெண்டு பேர் மீதும் தப்பில்லை. போர்டிங் பாயின்டை, அதாவது டிக்கெட்டில் ஏறும் ஸ்டேஷனை, மாற்றாமல் விட்டதுதான் காரணம். ஏறும் ஸ்டேஷனில் ஆள் வரவில்லை என்று டி.டி.இ. கையிலிருக்கும் கருவியில் தட்டிவிட்டால், பெர்த் அடுத்த ஆர்.ஏ.சி.க்குப் போய்விடும்.

தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ ஏறுவதாக இருந்தால், சார்ட் (கடைசிப் பயணிகள் பட்டியல்) போடுவதற்கு முன்னால், முந்தின நாளே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும், அதையும் நினைவில் வையுங்கள்.

சைடு லோயர் 63:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம்பரை 8ஆல் வகுங்கள். மீதி 1, 4 லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர், மீதி இல்லாவிட்டால் சைடு அப்பர். பழைய ஐ.சி.எஃப். வகை ஸ்லீப்பர் பெட்டியில் 72 வரை, புது எல்.எச்.பி. வகையில் 80 வரை இதே கணக்கு. ஆர்.ஏ.சி. என்றால் சைடு லோயரில் ரெண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டும். அதை 'பாதி கன்ஃபர்ம்' என்று வீட்டில் சொல்லி வயசானவர்களை அனுப்பாதீர்கள்.

மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்டியதும் உடனே உட்காராதீர்கள். ரெண்டு பக்கமும் கொக்கி முழுசாக விழுந்திருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் நுனியில் தொங்கினால் கீழே இருப்பவர் தலையில் இறங்கும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரைதான் அதை விரித்து வைக்கலாம். இறங்கும்போது முகம் பெர்த்தைப் பார்த்து இருக்க வேண்டும். வெளியே பார்த்துக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் கடைசிப் படியில் வழுக்குகிறார்கள்.

ராத்திரி 11 முதல் காலை 5 வரை சார்ஜ் பாயின்டில் கரன்ட் இருக்காது, ஏறியதும் போட்டுவிடுங்கள். ஸ்லீப்பரில் டிக்கெட்டோடு போர்வை வராது. பெட்டியைக் கட்ட லோயர் பெர்த்துக்கு அடியில் கம்பி வளையம் இருக்கும். வெயிட்டிங் லிஸ்ட்: ஆன்லைனில் எடுத்தது சார்ட் போட்டும் முழுசாக வெயிட்டிங்கிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும், அதோடு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம்தான். கவுன்டரில் எடுத்தது ரத்தாகாது, ஆனால் அன்ரிசர்வ்டில்தான் போகலாம். தீபாவளிக்கு சாத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களே, பையில் பட்டாசு வேண்டாம். ரயில்வே சட்டம் 164, மூணு வருஷம் வரை சிறை.

ஆடுதுறை:
கார்டு லைன், ஒரு சந்தேகம். மாவுக்கட்டுக்காரர் மதுரை வரைக்கும் வந்தாரா? வண்டி கிளம்பிய பிறகு லோயர் காலியானால், மேலே பெர்த் விழுந்த பெரியவர்களுக்கு டி.டி.இ. அதைக் கொடுக்கலாம் என்று விதியே இருக்கிறது. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கார்டு லைன்:
அதைத்தான் எழுத வந்து எழுதாமல் விட்டேன். அவர் திருச்சியில் இறங்கிவிட்டார், மூணு மணி வாக்கில். 17இல் யாரும் ஏறவில்லை. பேரன்கள் மேலே நல்ல தூக்கம். பாட்டி காலியான பெர்த்துக்குப் பக்கத்திலேயே தரையில் முழங்கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். திண்டுக்கல் தாண்டி டீக்காரர் வந்து, அவர் காலை மிதிக்காமல் தாண்டித்தான் போனார்.